மூன்றாம் வகுப்புக் குழாய்

ஆய்வறிக்கை வந்த காலையில் பெரிய டீச்சர் பள்ளி மணியை நான்கு முறை அடித்துவிட்டார். சந்தோஷத்தில் கை நிற்கவில்லை, பாவம். நான்கு முறை அடித்தால் தீ விபத்து என்று போன மாதம் சுற்றறிக்கை விட்டவரும் அவரேதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தபடி வரிசை கலையாமல் மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டி வந்து உட்கார வைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. வேறு நாளாக இருந்தால் பள்ளிக்கூடமே அதிர்ந்திருக்கும். அன்று அவர் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார்.

காரணம் இருந்தது. பதினோரு வருடமாக அந்தத் தொடக்கப் பள்ளிக்கு ஆய்வில் கிடைத்ததெல்லாம் 'திருப்தி' என்ற ஒரே ஒரு சொல். மூன்று ஆய்வு, மூன்று திருப்தி. 'திருப்தி' என்றால் யாருக்கும் திருப்தியில்லை என்று அர்த்தம், அது எல்லோருக்கும் தெரியும். இந்த முறை 'மிக நன்று' என்று வந்திருந்தது.

ஆசிரியர் அறையில் எல்லோரையும் கூட்டி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, பெரிய டீச்சர் அறிக்கையை வாசித்தார். கழிப்பறை சுத்தம் என்று வந்தபோது தலையாட்டினார். நூலகம் என்று வந்தபோது இருமினார். பிறகு ஒரு பத்தியில் நிறுத்தி, மூன்றாம் வகுப்பு டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பாசம். பதினான்கு வருட வேலையில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அதை அவரிடம் பார்த்ததே இல்லை, அதனால் முதலில் பயந்துதான் போனாள்.

"கேளுங்க. 'மூன்றாம் வகுப்பில் நீரின் அழுத்தம் பற்றி நடந்த பாடம், இந்த ஆய்வில் நாங்கள் கண்டவற்றுள் மிகச் சிறந்தது. ஆசிரியர் தம் உடை நனைவதையும் பொருட்படுத்தாமல், பிள்ளைகள் கையாலேயே குழாயை அடைத்தும் திறந்தும் பார்க்கச் செய்தார். தமக்குத் தெரியாத ஒரு கேள்விக்குத் தெரியாது என்று பிள்ளைகளிடம் சொன்ன ஒரே ஆசிரியரும் இவரே.'"

எல்லோரும் கை தட்டினார்கள். நான்காம் வகுப்பு டீச்சர் கொஞ்சம் மெதுவாகத் தட்டினார். அது போகட்டும்.

"நீங்க எப்பம்மா தெரியாதுன்னு சொல்லக் கத்துக்கிட்டீங்க?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் அசடு வழியச் சிரித்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஏனென்றால் அந்தப் பாடத்தை அவள் நடத்தவில்லை. நடத்தியது குழாய் ரிப்பேர் செய்ய வந்த அவள் தம்பி.

நடந்தது இதுதான். ஆய்வு நாளுக்கு முன்பு பெரிய டீச்சர் ஓர் உத்தரவு போட்டிருந்தார். அன்று பள்ளி வாசலை மிதிக்கும் எவரும், வேலையாட்கள் உட்பட, இஸ்திரி போட்ட உடையில்தான் வர வேண்டும். வாளி, துடைப்பம், சுத்தியல், ஸ்பேனர் எதுவும் கண்ணில் படக் கூடாது. நல்ல உத்தரவுதான். அன்று காலை பார்த்து மூன்றாம் வகுப்புக் கைகழுவும் தொட்டியின் குழாய் ஒழுக ஆரம்பித்தது. அவசரத்துக்கு அகப்பட்டவன் டீச்சரின் தம்பி. குழாய் வேலையில் கெட்டிக்காரன், வாய் மட்டும் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. உத்தரவைக் கேட்டுவிட்டு, வெளிர்நீல முழுக்கைச் சட்டையும் பையில் ஒரு பேனாவுமாக வந்து நின்றான். கருவிகளைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தான். 'நம்ம வீட்டு மாப்பிள்ளை மாதிரி இருக்கான்' என்று பள்ளி ஆயாவே சொன்னார்.

பத்து மணிக்கு மேல், வகுப்பறை மூலையில் தம்பி தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க, கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிட்டு என்ற சிறுமி, சட்டென்று அசையாமல் போனாள். சிட்டு என்பது வகுப்பு வைத்த பெயர். அவள் பள்ளி மாறி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. டீச்சர் பார்த்தாள். பெஞ்சுக்கு அடியில் தரை நனைந்திருந்தது. சிட்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள், இமைகூடக் கொட்டவில்லை. இன்னும் ஒரு நொடி போனால் பக்கத்தில் இருப்பவன் குனிந்து பார்ப்பான், பிறகு முப்பது பேரும் பார்ப்பார்கள்.

அந்த ஒரு நொடியில்தான் குழாய் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் கூரையைத் தொட்டுக் கீழே கொட்டியது. பாதி வகுப்பு நனைந்தது, சிட்டு தலையோடு கால் நனைந்தாள், தம்பியின் வெளிர்நீலச் சட்டை கருநீலமாயிற்று.

"அறிவிருக்காடா உனக்கு? ஒரு நட்டைக்கூட ஒழுங்கா முடுக்கத் தெரியாதா?" என்று டீச்சர் தம்பியைப் பிடித்துக் காய்ச்சிவிட்டு, "நீதான் ரொம்ப நனைஞ்சிருக்க, வாம்மா" என்று சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத் துவைக்கும் இடத்துக்குப் போய்விட்டாள். போகிற போக்கில், "இவங்களப் பாத்துக்கோ" என்று தம்பியிடம் சொன்னாள். ஆய்வு நாளில் வகுப்பை விட்டுப் போவது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஆய்வாளர்கள் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள், ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள்.

பின்பக்கத்தில் புதுப் புடவை நனையாமலிருக்க, ஆணியில் தொங்கிய ஆயாவின் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். சிட்டுவுக்கு மாற்றுப் பாவாடை கொடுத்தாள். நனைந்ததை அலசினாள். சிட்டு சத்தமே இல்லாமல் அழுதாள். பழைய பள்ளியில் இப்படித்தான் ஒருநாள் ஆயிற்றாம். அதற்குப் பிறகு அங்கே அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்களாம். என்ன பெயர் என்று சொல்ல மறுத்துவிட்டாள். அந்தப் பெயரை விட்டு ஓடித்தான் இந்தப் பள்ளிக்கு வந்திருந்தாள்.

"இங்க யாருக்கும் தெரியாது. எல்லாரும்தான் நனைஞ்சிருக்காங்க. உன்ன யாரு தனியா பாக்கப் போறா?"

"பெரிய டீச்சர்கிட்ட சொல்லிடுவீங்களா?"

"சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு தடவ ஆச்சு, தெரியுமா? உன் வயசுல, ஆண்டு விழா மேடையில. நான் மரமா நடிச்சிட்டிருந்தேன். மரம் எப்படி ஓடிப்போகும்? கடைசி வரைக்கும் நின்னேன்."

சிட்டு சிரித்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் என்ன மரம் என்று கேட்டாள். வேப்பமரம் என்றாள் டீச்சர். பின்பக்க வழியில் யாரோ சற்று நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனதை இருவரும் கவனிக்கவில்லை.

நின்றது ஆய்வாளரம்மா. யாரும் கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சுற்றியவர், முதலில் மூன்றாம் வகுப்பைப் பார்த்தார். அங்கே முழுக்கைச் சட்டைக்காரர் ஒருவர் சொட்டச் சொட்ட நின்று, டேங்க் மொட்டைமாடியில் இருப்பதால் தண்ணீருக்கு எவ்வளவு ஆத்திரம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு பின்பக்கம் போனார். அங்கே மேலங்கி மாட்டிய பெண்மணி ஒருவர் துணி அலசிக்கொண்டிருந்தார். பேனா வைத்தவர் ஆசிரியர், மேலங்கி மாட்டியவர் ஆயா. இதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? உத்தரவு போட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

அறிக்கையின் கடைசியில் அதற்கும் ஒரு பத்தி இருந்தது. 'அழுதுகொண்டிருந்த குழந்தையிடம் இப்பள்ளியின் உதவியாளர் பேசியதைக் கேட்க நேர்ந்தது. என்ன பேசினார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. குழந்தை சிரித்தது. இப்பள்ளியை 'மிக நன்று' என்று மதிப்பிட அதுவே முதல் காரணம்.' ஆயாவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். டீச்சர் பயந்து பயந்து, அது எதற்கு என்று தெரியுமா என ஆயாவிடம் கேட்டாள்.

"எதுக்குன்னு நான் கேக்கலம்மா," என்றார் ஆயா, சான்றிதழைச் சுருட்டிக்கொண்டே. "இருபது வருஷமா எவ்வளவோ பண்ணியிருக்கேன். ஏதோ ஒண்ணு இப்பதான் இவங்க கண்ணுல பட்டிருக்கு."

இதோடு முடிந்திருந்தால் டீச்சர் தம்பியின் புகழை விழுங்கி ஏப்பம் விட்டிருப்பாள். அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. பக்கத்துப் பள்ளிகளிலிருந்து ஆறு ஆசிரியர்கள் வருகிறார்கள்.  வியாழக்கிழமை, மூன்றாம் வகுப்பில், அதே பாடத்தை, அதே ஆசிரியர் நடத்திக் காட்ட வேண்டும்.

 டீச்சர் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பெரிய டீச்சரின் அறை வாசல் வரை மூன்று முறை போனாள். மூன்று முறையும் திரும்பினாள். 'நான் வகுப்பில் இல்லை' என்று சொன்னால் அடுத்த கேள்வி 'எங்கே போனாய்' என்பதுதான். பெரிய டீச்சர் கேட்க ஆரம்பித்தால் விடமாட்டார், வேரோடு பிடுங்கிவிடுவார். அவர் மனசு தங்கம், ஆனால் குரல் ஒலிபெருக்கி. அவர் அறையில் மெதுவாகச் சொன்னது, மதிய இடைவேளைக்குள் ஐந்தாம் வகுப்பு வரை போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பெண் மறுபடியும் ஒரு பெயரோடு, மறுபடியும் ஒரு பள்ளி தேட வேண்டியதுதான்.

வேறு வழியில்லாமல் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அறிக்கையில் அவனைப் பற்றி வந்ததை இரண்டு வாரமாக அவனிடமிருந்து மறைத்து வைத்திருந்தாள். தெரிந்தால் அவன் ஆயுசுக்கும் விடமாட்டான். சமையலறையில் உட்கார வைத்து டீ கொடுத்து, மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

தம்பி டீயைக் கீழே வைத்தான். "அப்போ, இந்தப் பள்ளிக்கூடத்துலயே சிறந்த வாத்தியார் நான்."

"ஆரம்பிச்சிட்டான்."

"ஏழாம் கிளாஸ்ல என்ன மூணு தடவ பெயில் போட்டாங்களே, அவங்களுக்கு ஒரு காப்பி அனுப்பலாமா?"

"டேய், விளையாடாத. எனக்குச் சொல்லிக் கொடு."

"வாங்க, உட்காருங்க, கைகட்டிக்கோங்க," என்று தம்பி எழுந்து நின்றான். அக்காளைப் பத்து நிமிடம் கைகட்டி உட்கார வைத்துவிட்டுத்தான் சமையலறைக் குழாய்க்கு வந்தான். எந்த நட்டை எவ்வளவு தளர்த்த வேண்டும், கட்டை விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினான். அவள் இரண்டு முறை முகத்தில் வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு உன் தப்பால தானா நடந்தது, இப்ப வேணும்னு பண்ணா வரமாட்டேங்குதே," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

தம்பி அவளை ஒரு மாதிரி பார்த்தான். "தானாவா? பன்னெண்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன். என் கையில நட்டு தானா கழண்டுச்சுன்னா நினைச்ச?"

டீச்சருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"நீ பாத்தியா?"

"தொட்டிக்கு அடியில படுத்திருந்தேன்க்கா. அங்கேருந்து தரைதானே தெரியும்." அவன் குழாயை முடுக்கினான். "அந்தப் பாப்பா முகத்தப் பாத்தேன். கையில ஸ்பேனர் இருந்துச்சு. அவ்வளவுதான்."

முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் அவனை அறிவிருக்கா என்று கேட்டது டீச்சருக்கு ஞாபகம் வந்தது. அவன் அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இத்தனை நாளும் சொல்லவில்லை. வாய் சும்மா இருக்காதவன் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிய தம்பி.  இன்னொரு டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள், அவனும் சொல்லாமல் குடித்தான்.

வியாழக்கிழமை காலையில் தம்பி வந்து நட்டைத் தளர்த்தி வைத்தான். "கால் திருப்புதான் திருப்பணும். முழுசா திருப்பினா நான் பொறுப்பில்ல," என்று எச்சரித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பெரிய வால்வின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஆறு ஆசிரியர்களும் குறிப்பேட்டோடு பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரிய டீச்சர் புதுப் பட்டுப்புடவையில் முன்னால் நின்றார். ஆய்வாளரம்மா வருவதாகக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை, ஆனாலும் கடைசியாக அவரும் வந்தார். வந்தவர் குழாய்ப் பக்கம் நின்ற டீச்சரைப் பார்த்தார், அறையைச் சுற்றிப் பார்த்தார், மறுபடியும் டீச்சரைப் பார்த்தார்.

"அந்த சார் எங்க? நீல சட்டை போட்டவரு?"

"எந்த சார்?" என்றார் பெரிய டீச்சர். "மூணாம் கிளாஸுக்கு இவங்கதானே டீச்சர்."

ஆறு பேனாக்களும் நின்றன. இனி மறைத்துப் புண்ணியமில்லை என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

"அன்னிக்குப் பாடம் நடத்தினது என் தம்பி மேடம். குழாய் ரிப்பேருக்கு வந்தவன். நான் அப்போ வகுப்புல இல்ல."

பெரிய டீச்சரின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. "இல்லையா? ஆய்வு அன்னிக்கா? அப்போ எங்க போனீங்க?"

மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் சிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதே உட்காரல், அதே கொட்டாத இமை. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"போன் பேசப் போனேன்," என்றாள்.

பதினான்கு வருடத்தில் வகுப்பு நேரத்தில் அவள் போனைத் தொட்டதில்லை. பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாயில் வந்த பொய் அதுதான். 

"போனா?" என்றார் ஆய்வாளரம்மா. நல்ல மனுஷி, கண்ணில் பட்டதை மறக்காத மனுஷி, அதுதான் வம்பு. "இல்லையே. உங்கள நான் பாத்திருக்கேனே. நீங்க ஆயா இல்லையா? பின்பக்கம் துவைக்கிற இடத்துல, ஒரு குழந்தையோட…"

 அப்போது பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. சிட்டு எழுந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேராகத் தொட்டிக்கு நடந்து போனாள், இரண்டு கையாலும் குழாயைப் பிடித்தாள், முழுசாகத் திருப்பினாள்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. தண்ணீர் கூரைக்குப் போனது, கூரையிலிருந்து பட்டுப்புடவைக்கு வந்தது. ஆறு ஆசிரியர்களும் ஆறு குறிப்பேடுகளும் நனைந்தன. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வால்வின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், அதை மூடுவதற்கு ஏனோ வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

தண்ணீர் நின்றபோது காய்ந்த ஆள் ஒருவரும் அறையில் இல்லை. ஆய்வாளரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு சிட்டுவைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். அன்று பின்பக்கத்தில் அழுத குழந்தை எது என்று அவருக்கு மெல்லப் புரிந்தது.

"என்ன சொல்லிட்டிருந்தேன்?" என்றார், புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே. "ஆங். வயசாச்சு இல்லையா, ஆள் அடையாளம் மாறிப் போச்சு. நான் பாத்தது ஆயாவைத்தான். உங்கள போன் பேசிட்டிருக்கும்போதுதான் பாத்தேன். ரொம்ப முக்கியமான போன் போல. அதுக்காகத் திட்டாதீங்க பெரிய டீச்சர், என் அறிக்கைய நான் மாத்தப் போறதில்ல."

"திட்ட மாட்டேன்," என்றார் பெரிய டீச்சர், மூக்கு நுனியிலிருந்து சொட்டச் சொட்ட. "மெமோ கொடுப்பேன்."

"கொடுங்க மேடம்," என்றாள் டீச்சர். பதினான்கு வருடத்தில் வாங்கப்போகும் முதல் மெமோ. கையெழுத்துப் போட இப்போதே பேனாவைத் தேடலாம் போல இருந்தது அவளுக்கு.

துவட்டிவிடுவதற்காக சிட்டுவைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். ஆணியில் ஆயாவின் மேலங்கி தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது பின்னால் வருகிறார்களா என்று டீச்சர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். துண்டை எடுத்துத் தலையில் போட்டபோது, சிட்டு அதற்குள்ளிருந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டினாள்.

"பயப்படாதீங்க டீச்சர். எல்லாரும்தான் நனைஞ்சிருக்காங்க. உங்கள யாரு தனியா பாக்கப் போறா?"